இரண்டு இஞ்ச் சக்கரம்

சக்கரம் வாங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல பளபளப்பைத்தான் சார் பாப்பாங்க. வெள்ளி வளையம் போட்ட கறுப்பு ரப்பரைக் கண்டா கீழ வைக்க மனசு வராது. ரிமோட்ல பறக்கிற பொம்மை விமானத்துக்குச் சக்கரம் அழகுக்கு இல்ல, தரைக்குன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். இருபத்தாறு வருஷமா என் மாடிக் கடைல உக்காந்து இதையேதான் சொல்றேன்.

எழுதறவரை மெதுவாவே எழுதச் சொல்லுங்க. நான் எங்கேயும் ஓடிடப் போறதில்ல.

புதுசா கத்துக்கறவங்க புல்தரைலதான் ஓட்டணும். அதுக்கு மூணு இஞ்ச் சக்கரம், மெத்துன்னு ஸ்பாஞ்சுல செஞ்சது. ரெண்டு இஞ்ச் கெட்டி ரப்பர் தார் ரோட்டுக்கு மட்டும்தான். அதைப் புல்லுல விட்டா மாட்டிக்கும், விமானம் மூக்கைக் குத்திக் கவுந்து, முன்னாடி சுத்தற விசிறி உடையும். இது என் பொண்ணுக்குப் பத்து வயசுலயே தெரியும். அவ அம்மா போனப்புறம் கடைக்குள்ளேயே வளர்ந்தவ. கல்லாவுக்குப் பின்னாடி வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே, தலையைக் கூடத் தூக்காம, “எங்க அண்ணே ஓட்டப் போறீங்க? புல்லுன்னா மூணு இஞ்ச்”ம்பா. இப்ப முப்பத்தொண்ணு. எனக்கு இன்னும் பாப்பாதான்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எங்க கட்டடத்து லிஃப்டைச் சரிபண்ண வந்தவரு, பாப்பாவைப் பாத்தாரு, அப்புறம் சும்மாவே அந்த லிஃப்டுக்கு வாரம் ஒருதரம் ரிப்பேர் வந்தது. நல்ல மனுஷன் சார். குத்தம் குறை கிடைக்குமான்னு தேடித்தான் பாத்தேன், ஒண்ணும் அகப்படல. நாலு வருஷம் என் வீட்லயே இருந்தாங்க. அப்புறம் அவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சுது. ரெண்டு வருஷத்துல உங்களையும் கூட்டிக்கறோம் மாமான்னாரு. அப்படிச் சொல்லிட்டுப் போன யாரும் திரும்பக் கூப்பிட்டதா நான் கேள்விப்படல.

பாப்பா பெட்டி அடுக்க ஆரம்பிச்சா. எனக்குச் சோறு இறங்கல. கால்ல விழாத குறையா கெஞ்சினேன். “காலம் பூரா இந்தக் கடைக்குள்ளேயே கிடக்கச் சொல்றியாப்பா?”ன்னு கேட்டா. தினம் வீடியோல பேசலாம்னா. எனக்குக் காய்ச்சல் வந்தா வீடியோலேர்ந்து கையை நீட்டி நெத்தியைத் தொட்டுப் பாப்பாளா சார்? கோபமெல்லாம் இல்ல. பயம். காலைல எழுந்தா வீட்ல என் செருப்பு சத்தம் மட்டும்தான் கேக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒருதரமாவது விமானம் ஓட்டணும்னு மாப்பிள்ளைக்கு ஆசை. எல்லாத்தையும் நானே எடுத்துக் குடுத்தேன். பேட்டரி மோட்டார் வேண்டாம், எஞ்சின் போட்டுக்கோங்கன்னேன். சத்தம் ஜாஸ்தி, ஆனா சத்தம் இருந்தாத்தானே ஓட்டற சுகம். சக்கரம் ரெண்டு இஞ்ச் மாட்டினேன். பாப்பா அந்த வாரம் பூரா விசா, பேப்பர்னு அலைஞ்சுக்கிட்டிருந்தா. இல்லேன்னா பாத்த உடனே கழட்டிப் போட்டிருப்பா.

புல்லு மைதானத்துல மூணு தரம் கவுந்துது. ரெண்டு விசிறி போச்சு. எனக்கு வராது போல மாமான்னு மனுஷன் முகம் தொங்கிப் போச்சு. உங்க மேல தப்பில்ல, தரை சரியில்ல, தார் ரோட்டுக்குப் போவோம்னேன். “நீங்க சொன்னா சரிதான் மாமா”ன்னாரு.

கல்குவாரிக்குக் கீழ ஒரு ரோடு இருக்கு. ஆள் நடமாட்டம் கிடையாது. சாயங்காலம் அஞ்சரைக்குக் கடைசி லோடு லாரிங்க இறங்கும், வீட்டுக்குப் போற அவசரத்துல விரட்டிக்கிட்டு வரும். அதுக்கு முன்னாடி மூணு நாள் நான் தனியாப் போய் உக்காந்து பாத்திருந்தேன். விமானத்தைக் காத்துக்கு எதிர்லதான் கிளப்பணும். அந்நேரம் காத்து பள்ளத்துலேர்ந்து ஏறி வரும். அதனால அவரு பள்ளத்தைப் பாத்து நடுரோட்டுல நின்னாரு, லாரி திரும்பற வளைவு முதுகுப் பக்கம். காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்.

கிளம்பின விமானத்துலேர்ந்து கண்ணை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன். அது பொய் இல்ல, எடுத்தா விழுந்துரும். அதுக்காகத்தான் பக்கத்துல இன்னொரு ஆள் நிக்கறது. சுத்துமுத்தும் பாத்துக் குரல் குடுக்கணும். அன்னைக்கு அந்த ஆள் நான்.

முதல் ஓட்டத்துலயே கிளம்பிருச்சு. “மாமா, பறக்குது மாமா”ன்னு சிரிச்சாரு. லாரி வளைவுல திரும்பினதைப் பாத்தேன். நான் ஓரமா இறங்கி நின்னுக்கிட்டேன். வாயைத் திறக்கல. டிரைவர் ஹாரனை விடாம அடிச்சான், பிரேக்கும் போட்டான். அந்த ஆளை விட்டுருங்க சார், இறக்கத்துல லோடு வண்டி சட்டுனு நிக்காது. எஞ்சின் சத்தத்துலயும் ஹாரன் லேசா காதுல விழுந்திருக்கும் போல, மாப்பிள்ளை திரும்பி வளைவைப் பாக்கல, என்னைப் பாத்தாரு. என்ன மாமான்னு கேக்கற மாதிரி. அப்பக்கூட ஒரு சத்தம் போட்டிருந்தா ஓரமாக் குதிச்சிருப்பாரு.

நான் கையைத் தூக்கி, மேல பாருங்கன்னு காட்டினேன். அவரு மேல பாத்தாரு.

எல்லாரும் விபத்துன்னுதான் சொன்னாங்க. நாலாம் நாள் நீங்க விமானத்தைத் திருப்பிக் குடுத்தீங்க. பாப்பா அதை மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் கட்டைவிரலால சக்கரத்தை அமுக்கிப் பாத்தா. ஏன்ப்பா ரெண்டு இஞ்ச்னு கேட்டா. மூணு இஞ்ச் தீந்து போச்சும்மான்னேன். சாவியை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனா. இழுப்பறைல மூணு இஞ்ச் பதினாலு ஜோடி இருந்தது. அங்கேர்ந்து நேரா இந்த ஸ்டேஷனுக்கு, உங்ககிட்டதான் வந்திருக்கா.

அதுல எனக்கு வருத்தம் இல்ல சார். வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா, கதவைத் திறந்தப்ப பாத்தேன். இளைச்சுப் போயிருக்கா. என் பக்கம் திரும்பல. முக்கியமான சாட்சிங்கறதால கேஸ் முடியற வரைக்கும் ஊரை விட்டுப் போக முடியாதும்மான்னு நீங்க அவகிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. அப்பதான் இத்தனை நாளைக்கு அப்புறம் எனக்கு மூச்சு சீரா வந்தது.

நான் ஒத்துக்கிட்டா கேஸ் சீக்கிரம் முடிஞ்சுரும்னு வக்கீல் சொல்றாரு. நீங்க எழுதிக்கோங்க, கையெழுத்தும் போடறேன். ஆனா கோர்ட்டுல மாத்திச் சொல்லிருவேன். நாலஞ்சு வருஷமாவது இழுக்கட்டும் சார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாப்பா என் எதிர்ல வந்து நின்னுதானே ஆகணும்.