மூணாவது படத்துக்கு முன்னாடி

அய்யோ, சாக்ஸுல ஓட்டைன்னா அதுக்கு ஏம்மா கூச்சப்படுறீங்க? என் காலப் பாருங்க, ஒண்ணு பச்சை, ஒண்ணு கோடு போட்டது. வாசல்லயே ஷூவக் கழட்டச் சொல்லுவாங்கன்னு எனக்கென்ன கனவா? இந்த ஸ்கேட்டிங் ஹாலு ஓனரு மிஸ்டர் ஹோலிஸ் கறாரா சொல்லிட்டாராம். கறுப்பு ஜனங்க படமா, போடுங்க. நியாயம் கேக்குற படமா, ரொம்ப நல்லது, போடுங்க. ஆனா என் ஸ்கேட்டிங் தரையில ஒரு கீறல் விழுந்துச்சு, திரையச் சுருட்டித் தெருவுல வச்சிருவேன்னு. முந்நூறு பேரு ஷூவும் ஸ்கேட்டு வைக்கிற அலமாரியில கெடக்கு. சாயங்காலம் எவன் காலு எவன் ஷூவுலன்னு அதையே ஒரு படமா எடுக்கலாம்.

ஆமாம்மா, எம் பொண்ணுதான். ஜோயெல். பத்து மாசம் முடிஞ்சிருச்சு. இல்ல, இல்ல, நீங்க தூக்க வேணாம், கக்கி வச்சிருவா. நல்ல ஸ்வெட்டரு போட்டுருக்கீங்க. எங்கிட்டயே இருக்கட்டும்.

மீனு சாப்ட்டீங்களா? இன்னும் இல்லையா? என்னம்மா நீங்க! அந்தா, பழைய ஸ்கேட்டு வாடகைக் கவுன்டரு இருக்குல்ல, அங்கதான் பொரிக்கிறாங்க. கெளுத்தி மீனு, சோளமாவுல பொரட்டி, மேல காரம் தூவி. இந்த இடைவேளையில போனாத்தான் உண்டு. அடுத்த இடைவேளையில போனீங்கன்னா வெறும் கோஸ் சாலடும் ரொட்டித் துண்டுந்தான் மிஞ்சும். எங்க வீட்டுக்காரரு டெவான்ட்ரே ஏற்கெனவே வரிசையில ரெண்டாவது தடவ நிக்கிறாரு, கேட்டா புள்ளைக்குங்கிறாரு. புள்ளைக்குப் பல்லே ரெண்டுதான்.

போயிட்டு மெதுவா வாங்க. மூணாவது படந்தான் அடுத்து, அது சின்னப் படம், பன்னெண்டு நிமிஷம். விட்டாலும் ஒண்ணும் குடி முழுகிப் போகாது. நாலாவது படந்தான் பெரிய படம், பஸ்ஸு நிறுத்துனத எதுத்துச் சண்ட போட்ட டிரைவருங்க கதை. அதுக்கு நீங்க கட்டாயம் இருக்கணும். சீட்ட நான் பாத்துக்கறேன், பைய வச்சுட்டுப் போங்க.

ஓ. மூணாவது படத்துக்குத்தான் வந்தீங்களா.

இல்ல, சும்மாதான் கேட்டேன். பிரசவ வார்டு பத்தின படம்னு புரோக்ராம்ல போட்டுருக்கான், ஆமா. நீங்க நர்ஸுன்னு... ஆங், அது, பாத்தா தெரியும்ல. கொண்டையில பேனாவ சொருகியிருக்கீங்க. சாதாரண ஜனங்க அப்படிச் சொருகுறதில்ல. எத்தன வருஷமா? இருபத்தியாறா! அதே வார்டுலயா? அடேயப்பா.

யாரு, அந்த முன்வரிசையில இருக்கிற ரெண்டு பொண்ணுங்களா? உங்க கூட வந்தவங்களா? புதுசா சேந்திருக்காங்களா. நீங்களா கூட்டிட்டு வந்தீங்க? அம்மாமாருங்க நர்ஸுங்க நம்மளப் பத்தி என்ன நெனைக்கிறாங்கன்னு இவளுங்க இப்பவே தெரிஞ்சுக்கட்டும்னா?

ஒண்ணுமில்லம்மா. புள்ள முடியப் புடிச்சு இழுத்துட்டா, அதான்.

நல்ல விஷயந்தான். செய்ய வேண்டியதுதான். ஆனா அவங்களையும் சாப்பிட அனுப்பலாம்ல? சின்னப் பொண்ணுங்க, பசியோட உக்காந்து... இல்ல, நீங்க சொல்றது சரி. நான்தான் ஒரு எடத்துல இருக்க மாட்டேன், காலையில இருந்து டெவான்ட்ரே திட்டுறாரு. ஆறு தடவ வெளிய போயி வந்துட்டேன்.

சொல்லிடறேன். அந்தப் படத்துல பேசுறது நான்தாம்மா. ஆமா, நானே. ஒரு நாற்காலி, ஒரு வெளக்கு, நான். இவ பொறந்த அன்னிக்கு நடந்த கதை. பொறந்து மூணு மணி நேரத்துல தலவலி. மண்டைய யாரோ உள்ள இருந்து இடிக்கிற மாதிரி. கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குது. மணிய அழுத்துறேன், அழுத்துறேன். டாக்டரு வந்து தூக்கமில்லாததால வர்றது, படுத்தா சரியாயிரும்னாரு. அடுத்தவங்க வந்து, மொதப் பிரசவத்துல எல்லாரும் பயப்படுவாங்கன்னாங்க. இன்னொருத்தி, போத மாத்திரைக்குத்தான் நடிக்கிறேனோன்னு ஒரு பார்வ பாத்தா பாருங்க, அத இன்னும் மறக்கல. ஒம்பது மணி நேரம் இப்படியே போச்சு. டெவான்ட்ரே சத்தம் போடக்கூட பயந்தாரு. கறுப்பு ஆம்பள சத்தம் போட்டா செக்யூரிட்டியக் கூப்புடுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

அதெல்லாம் நெசம். ஒரு வார்த்த கூட்டல.

கைரான்னு ஒரு காலேஜ் பொண்ணு, அவதான் எடுத்தா. எங்க வீட்டுக்கே வந்தா. நல்ல பொண்ணு, அவ அக்கா அப்படித்தான் போயிட்டா, பிரசவத்துல. நான் பேசிட்டே இருக்கேன், இவ பக்கத்து ரூம்ல கத்துறா, வெளக்கு மொகத்துல சுடுது, அப்பக் கேட்டா: அப்ப கடைசி வரைக்கும் யாருமே வரலையாக்கா? நான் சொன்னேன், வரல, யாரும் வரலன்னு. சொன்ன வேகத்துக்கு அழுதுட்டேன். கேமரா புடிச்ச பையனும் அழுறான். எல்லாரும் என்னக் கட்டிப் புடிச்சாங்க. அதுக்கப்புறம் இருங்க, இன்னும் ஒண்ணு இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதையே படத்துக்குப் பேரா வச்சுட்டாங்க. யாரும் வரல.

சொன்னேம்மா. ஒரு மாசங் கழிச்சு அவகிட்டச் சொன்னேன், கடைசியில ஒருத்தங்க வந்தாங்கன்னு. படம் முடிஞ்சு அனுப்பியாச்சுக்கா, அதோட ஒரு நல்லவங்களக் காட்டினா போதும், மொத்த ஆஸ்பத்திரியும் அவங்க பின்னால ஒளிஞ்சுக்கும்னா. அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. எனக்குத்தான் அன்னிலிருந்து சோறு எறங்கல.

லைட்ட அணைக்கிறாங்க. இப்ப நம்ம ஆளுங்க சும்மா பாப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா? இதுக்கு முந்துன படத்துலயே, வாடகை கேட்டு வீட்டு ஓனரு கதவத் தட்டுனப்ப, தொறக்காத கண்ணு, தொறக்காதன்னு பின்னாடி ஒரு அம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க. இதுக்கு நர்ஸுங்க மேல என்னென்ன விழப்போவுதோ. அதான் மீனு மீனுன்னு உங்கள வெரட்டுனேன். கொண்டையும் பேனாவுமா நீங்க அந்தக் கதவத் தாண்டி வந்தப்பவே எனக்கு உங்கள அடையாளம் தெரிஞ்சிருச்சு.

உங்களுக்கு என்னைய ஞாபகம் இருக்காது. எத்தனயோ பேரப் பாக்குறீங்க. நீங்க வேல முடிஞ்சு கெளம்பிட்டீங்க, கோட்டு போட்டு, பைய மாட்டி. பன்னெண்டாம் நம்பர் ரூமு. நான் மொனகுறது கேட்டு நின்னீங்க. கோட்டோடயே பிரஷர் பாத்தீங்க, நம்பாம இன்னொரு தடவ பாத்தீங்க. போன்ல அந்த டாக்டரு கிட்ட, நீ வரலன்னா நான் மேல் மாடிக்குப் போயி வேற டாக்டரக் கூட்டிட்டு வருவேன், அப்புறம் எம் மேல புகாரு எழுதிக் குடுத்துக்கோன்னு கத்துனீங்க. போயி கூட்டிட்டும் வந்தீங்க. எழுதிக் குடுத்தானா?

குடுத்துட்டானா. சரி.

எந்திரிக்காதீங்கம்மா. இப்ப நான் போகச் சொல்லல. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாக்குறாங்க பாருங்க, உக்காருங்க. படம் முடிஞ்சதும் மைக் சுத்தி வரும், மொத ஆளா எங்கிட்டத்தான் வரணும்னு சொல்லி வச்சிருக்கேன். கைரா கோவிச்சுக்கட்டும், ஒருத்தங்க வந்தாங்கன்னு சொல்லப் போறேன். ஆனா அன்னிக்கு உங்க பேரு போட்ட பேட்ஜு திரும்பிக் கெடந்துச்சு. யாரு அவங்கன்னு கேட்டேன், ஆஸ்பத்திரியில சொல்ல மாட்டேன்னுட்டாங்க.

உங்க பேரு என்னம்மா?

கேக்கல, ஜனங்க திரையப் பாத்துக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா.