சதுரம் சதுரமா

— மேடம், மறுபடியும் சொல்றேன், உங்க டிவில கோளாறு எதுவும் இல்ல. பதிவான செய்திதான் மங்கலா ஓடுது. உங்க பொறுமைக்கு நன்றி.

— பொறுமையா? யார்கிட்ட இருக்கு அது? ஒரு மணிச் செய்தில குடோன் தீப்பிடிச்சதைக் காட்டினாங்கல்ல, என் வீட்டுக்காரர் வேலை பார்க்குற குடோன் அது, அந்தப் படத்துல அவர் போனார் தம்பி. சமையக்கட்டுலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள மறைஞ்சுட்டார். அவர் சட்டையை மட்டும்தான் பார்த்தேன்.

— அப்புறம் பதிவைப் போட்டுப் பார்த்தீங்களா?

— பத்து தடவை! எல்லாம் சதுரம் சதுரமா உடையுது. தலை எது, தோள் எதுன்னே தெரியல. அந்தச் செய்தி தினமும் தானா பதிவாகணும்னு அவர்தான் வச்சிருக்கார். வேலை முடிஞ்சு வந்து பார்ப்பார்.

— போன் பண்ணிப் பார்த்தீங்களா மேடம்?

— இப்ப மணி மூணு. ரெண்டு மணி நேரமா சுவிட்ச் ஆஃப். குடோனுக்குப் போற ரோட்டை மறிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரி லிஸ்ட்ல பேர் இல்லையாம், அது நல்லதா கெட்டதா, நீயே சொல்லு. என் கூடப் பொறந்தவனும் அங்கதான் மூட்டை தூக்குறான். அவன் போனும் போகல.

— மேடம், உங்க நெட் தாங்காததால பதிவோட சின்ன காப்பி ஓடுது. தெளிவான பெரிய காப்பி கிளவுட்ல இருக்கு.

— எங்க இருக்கு?

— கிளவுட்… மேகம்னு அர்த்தம். எங்க சர்வர்தான்.

— நான் புகைக்குள்ள ஆளைத் தேடுறேன், நீ மேகத்துல வச்சிருக்கேங்கிற.

— நான் இதைத் திறந்து பார்க்கக் கூடாது மேடம். வேலை போயிடும்.

— அது அவர்தானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

— சரி, அழாதீங்க. திறந்துட்டேன். அதே சட்டை வேற ஆளுக்கும் இருக்கும்ல?

— எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டைதான். அதான் நம்பர். அவருக்கு நாப்பத்தேழு. அச்சடிச்சது துவைச்சுத் துவைச்சு உதிர்ந்துடுச்சு. மஞ்சத் துணிய வெட்டி நானே தைச்சேன். நாலு கொஞ்சம் கோணிக்கிட்டு நிக்கும். தைச்சவ லட்சணம் அப்படின்னு கிண்டல் பண்ணுவார்.

— எத்தனையாவது நிமிஷம்?

— பதினாலு. மைக் பிடிச்ச பொண்ணோட இடது தோளுக்கு மேல பாரு.

— பார்த்துட்டேன். அந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளிய நிக்குது. பின்னாடி கேட், அதுக்கு உள்ள முற்றம், அப்புறம் குடோன். ஒரே புகை. முற்றத்துல ஒருத்தர் ஹெல்மெட்டோட நடக்குறார்.

— இடது காலை இழுத்து நடக்குறாரா?

— லேசா… ஆமா.

— கடவுளே. முகம் தெரியுதா?

— புகைல தெரியல. ரெண்டே செகண்ட்தான் இருக்கார். இருங்க, படத்தை நிறுத்திப் பெருசாக்குறேன்.

— பேசிக்கிட்டே இரு தம்பி. நீ சும்மா இருந்தா எனக்கு உயிரே போயிடும் போல இருக்கு.

— பேசுறேன் அக்கா, பேசுறேன். பெருசாகுது. ஆரஞ்சுச் சட்டை. மஞ்சள்ல ஏதோ… ஏழு. முன்னாடி… அக்கா! நாப்பத்தேழு! நாலு கோணலா நிக்குது! அவரேதான்!

— நல்லாப் பாரு.

— நல்லாத்தான் பார்க்குறேன். தீ அந்தப் பக்கம் எரியுது, இவர் தன் கால்லயே நடக்குறார். தப்பிச்சு வெளிய வந்துட்டார் அக்கா!

— நம்பர் உனக்கு முழுசா தெரியுதா?

— பளிச்சுனு தெரியுது, ஒவ்வொரு தையலும் எண்ணலாம். என்னக்கா, சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல போய்…

— நான் அதை முதுகுலதான் தைச்சேன் தம்பி. அவர் வெளிய வரல, உள்ள போறார்.