மானியத்துக்கு ஏற்ற முகம்

எங்கள் கூடத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றும், ஐயா. காதர்பேட்டைச் சந்தைக்குப் பனியன் சரக்கெடுக்க வருகிற வடக்கத்தி வியாபாரிகளில் பாதிப்பேர் அதற்காகத்தான் உள்ளே வருவார்கள். சுவரில் படங்கள் இருப்பதைச் சிலர் வெளியே போகும்போது கவனிப்பதும் உண்டு. திருப்பூரில் நவீன ஓவியக் கூடமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆரம்பித்த நாள்முதல் நான்தான் அதன் காப்பாளர். எனக்குப் பிள்ளைகுட்டி எல்லாம் அதுதான்.

நீங்கள் சென்னையிலிருந்து இந்தப் படங்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. கூடம் அரசு மானியத்தில் நடப்பது. அந்தந்த வருஷம் சர்க்கார் எதை வளர்க்கிறதோ, அது படத்தில் தெரிந்தால்தான் மானியம். முதலில் தொழில் வளர்ச்சி என்றார்கள். எங்களிடம் இருந்ததோ ஆடுகளும் பனைமரங்களும். புதுப்படம் வாங்க மானியம் வேண்டும், மானியம் வரப் புதுப்படம் வேண்டும். இந்தக் கூத்துக்கு நான் என்ன செய்ய? பனைமரங்களின் உச்சியில் கொஞ்சம் புகை வரைந்தேன். பார்க்க வந்த அதிகாரி அசந்துபோனார்.

பிறகு யுத்தம் வந்தது. ஆடு மேய்க்கிறவன் கைக்கோலைத் துப்பாக்கி ஆக்கினேன். அடுத்து உணவு உற்பத்தி. துப்பாக்கியைக் கரும்பு ஆக்கினேன். அந்த ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான், பாவம்.

இனி நாச்சி படத்துக்கு வருகிறேன். கந்தவேல் என்பவர் பனியன் பெட்டிகளுக்கு லேபிள் படம் வரைந்தவர். அவருடைய ஒரே மகள் நாச்சி காய்ச்சலில் போனாள். அதற்குக் கொஞ்சநாள் முன்பு அவளை உட்காரவைத்து, சாயப்பட்டறைச் சாயத்தாலேயே துணியில் தீட்டியிருந்தார். பனியன் வெட்டுத்துணிக் குவியல்மேல் உட்கார்ந்து, யாரோ திட்டிவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். எங்கள் கூடத்தில் உண்மையான ஓவியம் அது ஒன்றுதான். முதல்முறை பார்த்தபோது எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். போட்டோ எடுக்க வசதியில்லாத குடும்பம். அந்தக் குழந்தைக்கு வேறு படமே கிடையாது. கந்தவேலும் போன பிறகு அவர் மனைவி அமராவதி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊட்டுல மழை ஒழுகுதுங்க ஐயா. உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறனுங்க."

பனியன் கம்பெனி லீவு விடுகிற நாளெல்லாம் வந்தாள். "சாப்புட்டியா கண்ணு?" என்று படத்தைக் கேட்டுவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் பனியன் தொழிலுக்குத்தான் மானியம் என்றார்கள். பனியன் துணி இருந்த படம் நாச்சியுடையது மட்டுமே. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கடைப் பெயிண்டால் ஒரு பின்னல் மெஷின் வரைந்தேன். அழிக்கவில்லை, ஐயா, மேலேதான் வரைந்தேன். அதிகாரிகள் டீ குடிக்கிற என் அறையில் மாட்டினேன். அமராவதியிடம், படம் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றேன். அவள் வெறும் சுவருக்கு முன்னால் நின்று, "எப்பங்க வருவா?" என்று கேட்பாள்.

அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு வந்தது. இப்போது படத்தில் ஒரு குழந்தை வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்துக்கும் நல்லது, அந்த அம்மாளுக்கும் நல்லது. டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். மெஷின் போயிற்று, நாச்சி முறைத்தாள். முகத்தில் மட்டும் பெயிண்டின் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. நம்மூரில் கறை என்றால் என்ன செய்வோம்? பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒற்றினேன். தினமும் பனியனுக்குச் செய்கிறதுதானே. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முகம் இல்லை. சுத்தமான பனியன் வெள்ளை.

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதிகாரிகள் வருகிற நேரம். குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத் தட்டியில் ஒரு குழந்தை சிரிக்கிறதே, அந்த முகத்தை எடுத்து வரைந்தேன். மானியம் வந்தது. படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினேன்.

அமராவதி வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நாச்சி இல்லீங்களே ஐயா. அவ இப்படிச் சிரிக்கவே மாட்டாளுங்க. தாடையில மச்சம் இருக்குமுங்க."

"அம்மணி, வருசம் எத்தனை ஆச்சு. உங்களுக்கு மொகம் மறந்துபோச்சு. படம் மறக்குமுங்களா?"

"பெத்தவளுக்கே மறந்துபோச்சுங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மச்சத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. விசிறிக்கு அடியில் நிற்கிற வியாபாரிகளிடம், "என்ற புள்ளை எப்படிச் சிரிக்கிறா பாருங்க" என்று காட்டுகிறாள். படத்தை மாற்றியது மானியத்துக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் மனத்தில் இருந்த முகத்தை மாற்றிக் கொடுத்ததற்கு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அது இனாமாகச் செய்தது, ஐயா.