நான்காம் பக்கத்தின் நகல்

நான் மேலே குறித்த முகவரியில் என் தங்கையோடு குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்து மூன்று. நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை. பல் டாக்டர் என்மீது கொடுத்த புகாரைப் படிக்கக் கேட்டு, என் விருப்பப்படி சொல்வதாவது:

என் தங்கை, வயது இருபத்தாறு, அந்த டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். சென்ற வருடம் எக்ஸ்ரே அறையில் வைத்து அவளை அவர் பலாத்காரம் செய்ததற்கு வழக்குப் பதிவானது. அதன் பிறகு நாலு முறை வாய்தா போனது. அதன் பிறகு விசாரணை தொடங்க வேண்டிய அன்று காலை அரசு வக்கீல் எங்களை வராந்தாவில் நிறுத்தி, "மானபங்கம்னு சின்னப் பிரிவா மாத்தினா ஒத்துக்கிறேங்கிறான்மா. இல்லேன்னா உங்க தங்கச்சிய கூண்டுல ஏத்தி ரெண்டு நாள் குடைவாங்க" என்றார். யோசிக்க அவகாசம் கேட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள் என்று உள்ளே போய்விட்டார்.

டாக்டர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். முதல் குற்றம், வருத்தம் தெரிவித்தது, வயதான பெற்றோர் ஆகியவற்றைக் கருதி ஓராண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தார்கள். வெளியே வந்ததும் அவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு தன் வக்கீலிடம், "சரி, எங்க சாப்பிடலாம்?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அதன் பிறகு மூன்று மாதம் தங்கை வாசல் தாண்டவில்லை. அவர் புதிய பலகை மாட்டிக் கிளினிக்கைத் திறந்தார்.

அதன் பிறகு மனுப் போட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கினோம். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது நான்காம் பக்கத்தில் இருந்தது. செய்யப்போவதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் கறுப்பு மார்க்கரை எடுத்துத் தன் பெயரைத் தானே அழித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை பூசினாள். "நிறைய காப்பி எடுக்கா" என்றாள்.

அதன் பிறகு ஆறு திங்கட்கிழமை அந்தக் கிளினிக்குக்குப் போய், காத்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்து, "டாக்டரே சொன்னதுதாங்க, படிங்க" என்றேன். புகாரில் கண்டபடி நான் கல் எறியவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. முதல் நாளே ஒரு தாய், வாயில் பஞ்சோடு இருந்த மகளை எழுப்பிக் கூட்டிப் போனார். கையுறையோடு ஓடிவந்த டாக்டர், "கேஸ்தான் முடிஞ்சு போச்சேம்மா!" என்றார். "உனக்கு" என்றேன். ஆறாவது திங்கட்கிழமை நாற்காலி அத்தனையும் காலி. அதில் ஒன்றில் உட்கார்ந்து, அவர் கதவைப் பூட்டிப் பலகையைக் கழற்றுகிறவரை பார்த்துவிட்டு வந்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அனைத்தும் உண்மை. முடிவில் "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று இருந்த வரி நான் சொன்னதல்ல என்பதால் அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்துக்கு நேராகவும் கையெழுத்திட்டிருக்கிறேன்.