பன்னிரண்டாவது தேசப்படம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வேதாசலம் வாத்தியார் அவர்களே! மேடையில் இருக்கும் பெரியோர்களே! ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஸ்டேஷன் ஊழியர்களே! உள்ளே கதவருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், கஜபதி அவர்களின் துணைவியார் தாயாரம்மாள் அம்மா! எல்லோருக்கும் வணக்கம்.

நான் எல்லப்பன். மலையடிவாரத்தில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு விற்கிறவன். நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேடைப் பேச்சு எனக்கு வராது.

எனக்கு முன்னால் பேசியவர்கள், குட்ஸ் குமாஸ்தா கஜபதி அவர்கள் உத்தமர், நேரம் தவறாதவர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த மனிதர் கடைசி வரை எதற்காகக் காத்திருந்தார் என்று யாராவது சொன்னார்களா? நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவரைக் காக்க வைத்தவன் நான்.

கஜபதி அவர்களுக்கு ரயில்வே பாஸ் இருந்தது. மற்றவர்கள் அந்தப் பாஸில் காசிக்குப் போனார்கள். இவர் பட்டணத்துக்கு, மூர் மார்க்கெட்டுக்குப் போனார். பழைய சரித்திரப் புத்தகம்! நூறு வருஷம், நூற்றைம்பது வருஷத்துப் புத்தகம்! கையில் எடுத்தால் உடனே படிக்க மாட்டார். எண்ணுவார். இத்தனை தேசப்படம், இத்தனை முகப்படம் என்று முன்பக்கத்தில் ஜாபிதா அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மடிப்பு பிரித்து, சரிபார்த்து, மறுபடி மடித்து வைப்பார். கடைக்காரர்கள் பொறுமை இழந்து கத்துவார்கள்.

"யோவ், பொஸ்தகம் வாங்கறியா, ஜனக்கணக்கு எடுக்கறியா?"

முகப்படத்தை எவனாவது கத்தரித்திருந்தாலும் அவரை ஏமாற்ற முடியாது. படம் போனாலும் அதன் மை எதிர்ப்பக்கத்தில் பழுப்பாக ஊறி நிற்கும். அதைத் தடவிக் காட்டி, "இங்க ஒரு ஆளு குந்திகினு இருந்தாரே, எங்க போனாரு?" என்பார்.

இப்படி இருநூற்றுப் பதினோரு புத்தகம் சேர்த்தார். தமக்காகவா? இல்லை! இந்த ஊரில் ஒரு வாசகசாலை வைப்பதற்காக. கொட்டகை போட்டாயிற்று, அலமாரி வந்தாயிற்று. திறக்கவில்லை. ஏன்? ஒரே ஒரு புத்தகத்தில் குறை. "ஊருக்குக் குடுக்கறத மூளியா குடுக்கக்கூடாது" என்றார்.

அந்தப் புத்தகத்தை மூளியாக்கியவன் நான்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது நினைவிருக்கிறதா? வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவர்கள் புத்தகங்களைப் பழைய காகிதக்காரரிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். அதில் நாலு மூட்டை நான் வாங்கினேன். யுத்தத்தில் அட்டை கிடைக்கவில்லை. படத்தின் பின்னால் வைக்கக் கெட்டிக் காகிதம் வேண்டும். மூட்டைகள் நம் ஸ்டேஷனில் இறங்கிய அன்று குட்ஸ் ஆபீஸில் கஜபதி இல்லை. எங்கே போயிருந்தார்? மூர் மார்க்கெட்டில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார்!

அந்த மூட்டைகளில் இரண்டு பாகத்தில் ஒரு பெரிய சரித்திரம் இருந்தது. கர்நாடக யுத்தங்களைப் பற்றியது. பன்னிரண்டு தேசப்படம், ஏழு முகப்படம். துணி மாதிரிக் காகிதம். நறுக்கினேன். பத்தொன்பது பெரிய முருகன் படங்களுக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முன்பே எல்லாம் விற்றுப்போயின.

ஆவணியில் தம் கல்யாணப் போட்டோவுக்குக் கண்ணாடி மாற்ற வந்த கஜபதி, மூலையில் கிடந்த இரண்டு பாகங்களையும் பார்த்தார். எடுத்துப் புரட்டினார்.

"எல்லப்பா, இதுல இருந்த மேப்பெல்லாம் எங்கடா?"

"முருகனுக்கு முதுகுல வெச்சி அடிச்சிட்டேன் நைனா."

"பத்தொம்போதுமா?"

"ஆங்."

அடிப்பார் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "வாங்கினு போனவங்க பேரச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். பெரிய படமெல்லாம் சொல்லி வைத்துச் செய்தவை. பேரும் ஊரும் எனக்குத் தெரியும்.

பேர் கிடைத்தது. படம் கிடைக்குமா? குங்குமம் வைத்து விளக்கேற்றுகிற படத்தை யார் கழற்றித் தருவார்கள்? நம் வீடுகளில் சாமி படம் சுவரை விட்டு இறங்குவது வருஷத்தில் ஒரே நாள். போகியன்று, வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கும்போது. அந்த ஒரு நாளுக்காக மனிதர் லீவு சேர்த்து வைத்தார்! பையில் புது அட்டை, ஆணி, சுத்தி. நாற்பத்து மூன்று போகிக்குப் போனார். நாற்பத்து நாலு போகிக்குப் போனார். நாற்பத்தைந்துக்குப் போனார். நாற்பத்தாறுக்கும் போனார்!

இரண்டு தடவை நானும் கூடப் போனேன். கே.ஜி.கண்டிகையில் ரத்தினம்மாள் வீட்டு முருகனைத் திருப்பிப் பிரித்தோம். உள்ளே தொப்பி வைத்த ஒரு துரை!

"அடப்பாவி எல்லப்பா! மூணு வருசமா இந்தத் தொப்பிக்காரனுக்கா நான் வெளக்கேத்திகினு கீறேன்?"

"இல்ல தாயி. நீ முன்னாடி இருந்தவருக்குத்தான் ஏத்தன. இவரு சும்மா பின்னாடி நின்னுகினு இருந்தாரு" என்றார் கஜபதி. திட்ட வந்தவர் சிரித்துவிட்டு எங்களுக்கு மோர் கொடுத்தார்.

நாலு போகியில் ஏழு துரைமார்களும் வந்து சேர்ந்தார்கள். பதினொரு தேசப்படம் வந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. நம் தணிகை மலையைக் குறித்திருந்த படம். மணவூரில் ஜெயம்மா என்பவர் வீட்டில் இருந்தது. அவர்கள் போகிக்கெல்லாம் மகள் ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷம் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஆனால் கஜபதி அவர்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

போகிக்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். "எல்லப்பா, நாளைக்கு நீ மணவூர் போயிட்டு வாடா. என்னால வண்டி மாறி ஏற முடியல."

"நான் பாத்துக்கறேன் நைனா. நீங்க போய் படுங்க."

போனேனா? போகவில்லை! முந்தின ராத்திரி அரக்கோணத்தில் சினிமா பார்த்துவிட்டு வந்தேன். போகியன்று பத்து மணிக்குத்தான் எழுந்தேன். சாயங்காலம் பெரியவர் கேட்டபோது, "வீடு பூட்டிகினு இருக்குது நைனா" என்றேன். பொய்! நெஞ்சறிந்த பொய்!

"சரி வுடு. அடுத்த போகி வராமயா பூடும்?" என்றார்.

மாசி ஐந்தாம் தேதி போய்விட்டார்.

நேற்று மணவூர் போனேன். எதற்காக இப்போது போனேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. ஜெயம்மா சொன்னார்: "போகியன்னிக்கி எறக்கசொல்ல கண்ணாடி ஒடைஞ்சி பூடிச்சி தம்பி. சாமிய பத்திரமா எடுத்து வெச்சிகினேன். பின்னாடி இருந்த பழைய காய்தத்த வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

"அப்ப மணி எவ்ளோ இருக்கும்?"

"ஒம்போது இருக்கும். இன்னாத்துக்குக் கேக்கற?"

முதல் வண்டி பிடித்து அரக்கோணத்தில் மாறியிருந்தால் எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றிருப்பேன். அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிட்டேன்.

பெரியோர்களே! அவரைப் போல ஒருவர் இனி நமக்கு எங்கே கிடைப்பார்? நான்கு வருஷம் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவரை ஒரு நாள் ரயில் ஏறாமல் ஏமாற்றினேனே! இதை எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

இன்று காலை தாயாரம்மாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். "அவரு காத்துகினு இருந்தது போதும். ஊரையும் காக்க வெக்காத" என்று வாசகசாலைச் சாவியைக் கையில் கொடுத்தார்.

ஆகவே குறையோடு கொடுக்கக்கூடாது என்ற அவர் சொல்லை நாம் மீறப்போகிறோம். பங்குனி முதல் தேதி வாசகசாலை திறக்கும். தினம் சாயங்காலம் நான் அங்கே இருப்பேன். இனி வருகிற புத்தகங்களையும் அவர் முறைப்படியே சரிபார்த்து வாங்குவேன். இது உங்கள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. என் வாக்கை நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரித்திரத்தின் இரண்டாம் பாகத்தில், படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் என் கையால் எழுதியிருக்கிறேன்: 'இங்கே இருந்த தேசப்படம் இல்லை. நறுக்கியவன் எல்லப்பன். வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் போகாதவனும் எல்லப்பன்.'