தொரையின் இடது கண்

—பிரிக்காதீங்க சார், கொஞ்சம் இருங்க. அந்த மெழுகுத் தாளை இழுத்தீங்கன்னா பொடி அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும்.

—ஏம்மா, என் நாயோட படத்தை நான் பார்க்கறதுக்கு உங்ககிட்ட மனு போடணுமா?

—அதுக்கில்ல சார். இது பேஸ்டல் பென்சில். பெயின்ட் மாதிரி காஞ்சு பிடிச்சுக்காது, விரல் பட்டாலே கலையும். அதோட, வேலை இன்னும் முழுசா முடியல.

—தெரியாமத்தான் கேக்கறேன், காலையில போன் பண்ணி, 'படம் தயார், ஒரே ஒரு விஷயம் நேர்ல பேசணும்'னு சொன்னது யாரு? போனை எடுத்தது நான்தான்.

—தப்பு என்னோடது சார். ஆர்டர் சீட்டுல ரெண்டு நம்பர் இருந்துச்சு. ஆர்டர் கொடுத்தவங்க நம்பரைக் கூப்பிடாம, படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வீட்டு நம்பரைக் கூப்பிட்டுட்டேன்.

—என் வீட்டுக்காரிதானே கொடுத்தா? இந்தத் திருட்டு வேலையெல்லாம் அவளுக்குத்தான் கைவந்த கலை.

—யாருன்னு சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க சார்.

—சொல்ல வேணாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறீங்க. ஓரத்தைத்தான் தூக்கறேன், பயப்படாதீங்க... அடேங்கப்பா!

—மெதுவா சார்.

—தொரை! அதே மடிஞ்ச காது. மூக்கு மேல பூனை கீறின தழும்பைக்கூட விடலியே. என் பாஸ்போர்ட் போட்டோவுல என்னையே எனக்கு அடையாளம் தெரியாது. இது எழுந்து வந்து கையை நக்கும்போல இருக்கு. பதினோரு வருஷம் வளர்த்தேம்மா. இந்த மூஞ்சியைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு.

—உட்காருங்க சார். குடிக்கத் தண்ணி தரட்டுமா?

—இருங்க. இடது கண்ணுல இது என்ன? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?

—அதைத்தான் நேர்ல பேசணும்னு...

—என் தொரையோட கண்ணு கோலிகுண்டாட்டம் மின்னும். இப்படிப் பால் ஊத்தினாப்பல இருக்காது. கறுப்புப் பென்சிலை எடுத்து மேல தேய்ங்க.

—முடியாது சார். இந்தத் தாள்ல ஒரு சொரசொரப்பு இருக்கு. அது நிரம்புற வரைக்கும்தான் பொடி பிடிக்கும். அந்தக் கண்ணுல எட்டுப் பூச்சு ஏத்தியாச்சு. இனிமே என்ன தேய்ச்சாலும் வழுக்கும். பிளேடால சுரண்டிப் பார்த்தேன், தாள் பிஞ்சுக்கப் பார்த்துச்சு.

—அப்ப தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சுதான் சுரண்டியிருக்கீங்க! கொடுங்க அந்தப் பென்சிலை, நானே தேய்க்கறேன்.

—கையை எடுங்க சார்! ...மன்னிக்கணும். குரலை உசத்திட்டேன். ஆனா நான் தப்பா வரையல. ஆர்டரோட கொடுத்த போட்டோவுல இருந்ததைத்தான் வரைஞ்சேன்.

—ஃபிளாஷ் பட்டிருக்கும்.

—ஃபிளாஷ் பட்டா பச்சையாவோ மஞ்சளாவோ எரியும். இது புகை மாதிரி, நீலம் கலந்த வெள்ளை. வலது கண்ணுலயும் இதோ, ஓரத்துலேர்ந்து பரவியிருக்கு. இந்த லென்ஸ் வழியா போட்டோவைப் பாருங்க. வயசான நாய்ங்களை நிறைய வரைஞ்சிருக்கேன் சார். தொரைக்குக் கண்ணு தெரியல.

—உளறாதீங்க. என் நாய்க்குக் கண்ணு தெரியலைன்னா எனக்குத் தெரியாதா?

—வீட்டுல எதையாவது இடம் மாத்தினப்ப போய் இடிச்சுக்கிச்சா?

—சோபாவை மாத்திப் போட்டோம். தினமும் போய் மோதும். கொழுப்புன்னு நினைச்சேன்.

—படி இறங்குமா?

—கடைசிப் படியில நின்னு முனகும். தண்ணிக் கிண்ணத்துல காலை விட்டுக் கவிழ்க்கும். ஒரு நாள் வாசல்ல நின்ன என்னைப் பார்த்தே குரைச்சுது. சோறு போட்டவனையே! செருப்பைக் கழட்டி நாலு வெச்சேன். ஓடக்கூட இல்லம்மா. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம சுத்திச் சுத்தி... ஐயோ.

—உட்காருங்க சார். இந்தாங்க தண்ணி.

—அப்ப, அதை அடிச்சுப் போட்ட அந்த வேன் வந்ததுகூட அதுக்குத் தெரிஞ்சிருக்காது.

—தெரிஞ்சிருக்காது சார்.

—இருங்க, இருங்க. தினமும் அதை நடக்கக் கூட்டிட்டுப் போனவன் என் தம்பி. எனக்குத் தெரியலைன்னாலும் அவனுக்குத் தெரியாம இருக்குமா? கண்ணில்லாத ஜீவன்னு தெரிஞ்சே கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கான், பாவி!

—அவசரப்படாதீங்க சார்.

—நடந்ததைக் கேளுங்க. அன்னிக்குச் சாயந்திரம் வேலையிலேர்ந்து வந்து முகம் கழுவிட்டிருக்கேன். ரோட்டுல பிரேக் சத்தம். ஓடி வந்தா கேட் ஆன்னு திறந்து கிடக்கு, தொரை ரோட்டுல கிடக்கு. தம்பி தெருமுனையிலேர்ந்து ஓடி வர்றான், கையில ஒரு சின்னக் கவர். 'கடைக்குப் போற அவசரத்துல கேட்டைச் சாத்தாம போனியாடா?'ன்னேன். கேட்டைப் பார்த்தான், உள்ள நின்ன என் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'ஆமாண்ணே'ன்னான். அந்தக் கவரைப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சேன். இனிமே வாசப்படி மிதிக்காதேன்னு துரத்திட்டேன். ஆறு மாசமாப் பேச்சு இல்ல. இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கறேன்.

—போகாதீங்க சார், ஒரு நிமிஷம். அந்தக் கவர்ல என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?

—அதை எதுக்கு நான் பார்க்கணும்?

—கடவுள் என்னை மன்னிக்கட்டும், கொடுத்த வாக்கை மீறப் போறேன். ஆர்டர் கொடுத்தது உங்க வீட்டம்மா இல்ல. உங்க தம்பிதான். காலையில போன்ல உங்க குரலைக் கேட்டு அவர்னே நினைச்சுட்டேன்.

—அவனா? செஞ்ச பாவத்தைப் படம் போட்டு மறைக்கறானாக்கும்!

—இந்தச் சீட்டோட பின்பக்கத்தைப் படிங்க. நான் எப்பவும் கண்ணைத்தான் முதல்ல வரைவேன். கண்ணுல உயிர் வந்தாத்தான் மிச்சத்தைத் தொடுவேன். கண்ணை முடிச்சு, காதை முடிச்சு, கடைசியா முடி நிறத்தைச் சரிபார்க்கச் சீட்டைத் திருப்பினப்பதான் இதைப் பார்த்தேன். அதான், வேற தாள்ல புதுசா வரையட்டுமான்னு கேட்க அவரைக் கூப்பிட்டேன்.

—கண்ணாடி கொண்டுவரல. நீங்களே படிங்க.

—'ரெண்டு கண்ணையும் தெளிவா வரைஞ்சிடுங்க. தொரைக்குப் பார்வை போயிட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னதை அண்ணன்கிட்ட நான் சொல்லல. சொட்டு மருந்துல சரியாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். இப்பத் தெரிஞ்சா, தான் அடிச்ச அடியை நினைச்சு நினைச்சு உடைஞ்சு போயிடுவார். கேட் விஷயமும் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்.'

—சொட்டு மருந்து... அந்தக் கவர்ல.

—அப்படித்தான் இருக்கணும் சார்.

—அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.

—'கேட் விஷயமும் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்.' இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது சார். வந்தவர் இங்க உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 'அண்ணன் தூங்கற ரூம்ல மாட்டுவார், மூஞ்சி சாந்தமா இருக்கட்டும்'னார். ...புதுத் தாள் இருக்கு. அவர் கேட்ட மாதிரியே ரெண்டு கண்ணையும் பளிச்சுன்னு வரைஞ்சு கொடுத்துடறேன்.

—வேணாம்மா. அந்தக் கண்ணை அப்படியே விடுங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே என் எதிர்ல இருக்கட்டும். வேற என்ன பாக்கி?

—மீசை முடி மட்டும்தான். வெள்ளைப் பென்சிலைச் சீவிக்கிட்டு இழுத்தா நாலு இழுப்பு... யாருக்கு சார் போன்?

—தம்பிக்கு. மணி அடிக்குது.

—எடுத்தா கோபமா எதுவும் சொல்லிடாதீங்க சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். என்ன சொல்லப் போறீங்க?

—நான் வந்தப்ப கேட் சாத்தித்தான்டா இருந்துச்சு, ஹாரன் அடிச்சேன், யாரும் வரல, நானே காரை விட்டு இறங்கித்தான் திறந்தேன், திரும்பச் சாத்தலன்னு சொல்லப் போறேன்.