முடி உதிர்வதை முதலில் கண்டவன்

உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நான் நடந்துகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் குடைகிறது. ஒரு வருஷமாகவே இப்படித்தான். சாப்பாட்டுக்குக்கூட முழுசாக உட்கார்ந்ததில்லை. சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கில்லை, சொன்னால் எனக்கே எதிராகத் திரும்பும் என்று மாஜிஸ்டிரேட் என்ற முறையில் எச்சரித்தீர்கள். நன்றி. என் வக்கீலும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தபடி பேச எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என் பெயர் வெங்கடபதி. கோயமுத்தூரில் டாக்டர். வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மழை பெய்தால் வேலியெல்லாம் கண்வலிக்கிழங்குக் கொடி ஏறிப் பூத்துவிடும். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிழங்கு விஷம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அதைத் தின்றவர்களை வண்டியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். வாந்தி, பேதி, பிறகு நாடி இறங்கும். பெரும்பாலோர் மூன்று நாள் தாண்ட மாட்டார்கள். இது எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். நான் கண்டது வேறு. பிழைத்துக்கொண்டவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் தலைமுடி உதிர்கிறது. கொத்துக்கொத்தாக, வலியே இல்லாமல். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

முதலில் பார்த்தது குழந்தையம்மாள் என்ற பெண்ணிடம். மாமியாரோடு மனஸ்தாபம். பிழைத்தெழுந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தபோது தலையணை முழுக்க முடி. நான் சந்தோஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் வந்து நின்றாள். "பழனிக்கு முடி நேந்திருந்தமுங்க. முருகன் அவசரப்படறாருங்க. கையோட கூட்டிட்டுப் போயிட்டு வாரமுங்க" என்றாள். அடுத்த வாரம் மருமகள் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து என்னைக் கும்பிட்டாள். அப்புறம் சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் பிழைத்தார். அவரையும் பழனிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நம் ஜனங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தால் முதலில் கை போவது தலைக்குத்தான்.

ஊர் டாக்டர்களின் மாதக் கூட்டத்தில் இதைப் பேசினேன். எங்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. பெரிய டாக்டர் என்போம். "படம் இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். "ரண்டே கேசுதானுங்களா?" ஆமாம் என்றேன்.

"வெங்கடபதி, டைபாய்டு வந்தா முடி கொட்டும்னு எங்க ஊட்டு சமையக்காரம்மாளுக்கே தெரியுமுங்க. கெழங்கு தின்னவளுக்குக் கூடவே டைபாய்டும் இருந்திருக்கும். நீங்க மொட்டையைப் பாத்துட்டு வந்து புதுசாக் கண்டுபுடிச்சேங்கறீங்க."

சிரித்தார்கள். காப்பி வந்த பிறகும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை வேறு வார்த்தை போட்டு மெழுகத் தேவையில்லை.

அன்றைக்குப் பிடித்த நடை இது. வார்டில் நடப்பேன், வராந்தாவில் நடப்பேன். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன், வகிட்டைத்தான் பார்ப்பேன். என் மனைவி அம்புஜம் தலைவாரி முடித்ததும் சீப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அவள் எரிச்சல்படவே மாட்டாள். "நீங்க சொல்றதுதானுங்க சரி. அது டைபாய்டு இல்லீங்க, கெழங்குதான். உங்க கண்ணு தப்பாப் பாக்காது" என்பாள். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். இந்த ஊரிலேயே என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான். டைபாய்டு முடி எப்படி உதிரும், கிழங்கு முடி எப்படி உதிரும் என்று சாப்பாட்டு வேளையில் அவளுக்கு மாதக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். எந்த மாணவனும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

எனக்கு என்ன தேவை என்று யோசித்தேன். பிழைக்கக்கூடிய உடம்பு. நிறைய முடி. மொட்டை போடாத குடும்பம். எங்கள் வார்டு ஆயா அற்புதம் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பின்னல் ஒரு கைப்பிடிக்கு அடங்காது. சோகையாக இருக்கிறாய் என்று சொல்லி ஒரு டானிக் கொடுத்தேன். டாக்டர் கொடுத்தது என்று அங்கேயே நின்று குடித்தாள். இந்த முறை அளவில் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன்.

அவள் கிடந்த நாட்களில் நானேதான் கவனித்துக்கொண்டேன். பிழைத்தாள். வாரினால் முடி கையோடு வருகிறது என்று நர்ஸ் சொன்னதும் ஸ்டூடியோக்காரர் யாகூப்புக்கு ஆள் அனுப்பினேன். சைனாக்காரனோடு சண்டை நடந்த சமயம். ஃபிலிம் கிடைக்காமல் மறுநாள்தான் வந்தார். அதற்குள் அற்புதத்தின் அம்மா நாவிதரை வரவழைத்து வேலையை முடித்திருந்தாள்.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துகிட்டமுங்க டாக்டரய்யா. அங்க போற வரைக்கும் இந்த முடி நிக்காதுங்க. அதான் எடுத்துத் துணியில முடிஞ்சு வெச்சுப்போட்டேன். எம்புள்ளையப் பொழைக்க வெச்சீங்க, நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

கத்தோலிக்கர்களும் மொட்டை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவர்களோடு வேலை பார்த்தும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். யாகூப், "மழிச்ச தலைய எடுத்து என்னங்க டாக்டர் பண்றது?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே போனேன்.

இனி, நேர்த்திக்கடன் என் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வீடாகப் பார்க்க வேண்டும் என்று நடக்கும்போதுதான் தோன்றியது. அப்படிப்பட்ட வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது.

அம்புஜத்துக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அவள் படுக்கையில் விழுந்ததும் தாராபுரத்திலிருந்து அண்ணன் திருமலைசாமி பதறிக்கொண்டு வந்தார். "திருப்பதிக்கு அது இதுன்னு யாரும் நேந்துக்க வேண்டாமுங்க மச்சான். நான் இருக்கறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். அவள் பிழைப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பெரிதாக இருக்கவில்லை. மோசமான நாட்களில் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சலைன் ஏற்றினேன், வாய் துடைத்துவிட்டேன். கண் விழித்த வேளையில், "என்னால உங்களுக்கு எத்தனை சிரமமுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைவாரினாள். சீப்பு முதல் இழுப்பிலேயே நிறைந்துவிட்டது. அவள் அழவில்லை. சீப்பைப் பார்த்தாள், மடியில் விழுந்த கொத்தைப் பார்த்தாள். யாகூப் இந்த முறை உடனே வந்தார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தலையணை தனியாக ஒன்று. கேமராவைப் பார்க்கச் சொன்னோம். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, இது டைபாய்டுங்களா?"

"ஆமா" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

சாயங்காலம் நான் படங்களை வாங்க ஸ்டூடியோவுக்குப் போயிருந்த நேரத்தில், உதிர்ந்த முடியை முந்தானையில் முடிந்துகொண்டு தாராபுரம் பஸ் ஏறிவிட்டாள். நடக்கத் தெம்பில்லாதவள் எப்படிப் போனாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். என் வாழ்க்கையில் நான் வருந்துகிற பொய் அந்த 'ஆமா' ஒன்றுதான். அத்தனை நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரே வார்த்தையில் நானே கெடுத்துவிட்டேன்.

போலீஸ் கேட்டுக்கொண்டபடி பெரிய டாக்டர் அம்புஜத்தைப் பரிசோதித்தார். யாகூப்பின் படங்களையும் பார்த்தார். இது டைபாய்டு அல்ல, கண்வலிக்கிழங்கின் வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் என் பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது, குற்றம் சாட்டப்பட்டவன் என்று.

வக்கீல் என்னிடம் கெஞ்சினார். "டைபாய்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க டாக்டர், கேஸ் நிக்காதுங்க. கூட்டத்துல பெரிய டாக்டர் பேசுனதுக்கு அத்தனை பேரு சாட்சி இருக்காங்க. அவரு சொன்னதையே அவருக்குத் திருப்பிப்போடலாமுங்க." கெட்டிக்கார யோசனைதான். ஆனால் விடுதலையாகி வெளியே வந்து, முடி கொட்டியது டைபாய்டால்தான் என்று ஒப்புக்கொண்டவனாக இந்த ஊரில் நான் எப்படி நடமாடுவது? அதனால்தான் உங்களிடம் வந்தேன். அம்புஜத்துக்குக் கிழங்கு கொடுத்தது நான்.

ஒன்று போதாது. ஒரு கேஸை வைத்து யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். ஆகவே அற்புதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். போலீசுக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

கருப்புசாமி என்று ஒருவன். கூட்டம் நடந்த மாதமே வயிற்றுப்புண்ணுக்காக வந்து சேர்ந்தான். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. நல்ல உடம்பு, அடர்த்தியான சுருட்டை முடி. முதல் தடவை என்பதால் அளவு எனக்குப் பிடிபடவில்லை. வாந்திபேதி என்று எழுதி உடலை ஒப்படைத்தேன். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால ஆனதைப் பாத்தீங்க சாமி" என்றார். அவன் தலையிலிருந்து ஒரு முடிகூட உதிரவில்லை. முடிவு தெரியும்வரை அவன் இருக்கவில்லை. அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நேர்மையாக எழுதுகிறவன் தோற்ற கேஸையும் விடக்கூடாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: கண்வலிக்கிழங்கு விஷத்தில் பிழைத்தவர்களுக்கு முடி உதிர்வதை முதலில் கண்டவர் டாக்டர் வெங்கடபதி. பெரிய டாக்டர் அல்ல.

எழுதிவிட்டீர்களா? வாசித்துக் காட்டுங்கள்.

சரி. இப்போது உட்காருகிறேன்.